பச்சை வெளிச்சம் அணையும் தேதி

கடல் சிலுவைதாசனைத் திருப்பிக் கொடுத்த ஒன்பதாம் நாள், அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரும்படி ஜெனோவா கேட்டாள்.

"பத்திரமாத் தருவீங்களா?" என்றார் அவர்.

அந்த மரியாதை அவளைச் சுருக்கென்று குத்தியது. அவருக்கு முப்பத்து நாலு வயது. கறுகறுவென்ற மீசை, கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. அவளுக்கு முப்பத்தெட்டு; கண்ணாடி, காதோரம் நாலைந்து நரை. அவர் அப்பா, இவள் மகள். கூத்தைப் பார்த்தீர்களா! அவளைத் தோளில் உட்காரவைத்துத் திருவிழா காட்டிய மனிதருக்கு, இப்போது அவளை 'நீ' என்று கூப்பிட வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். இருபத்தொன்பது வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், பவளத்துறையிலிருந்து வள்ளத்தில் தனியாகப் போன சிலுவைதாசன் திரும்பவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு ஊர் அவருக்குப் பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் பெயரையும் வெட்டிவிட்டது. ஒன்பது நாளைக்கு முன் அதே வள்ளம், அதே நீலப் பெயிண்டோடு, வள்ளத்தில் கெடாத மீனோடு கரையேறியது. "பதினோரு நாள் ஒரே பனிமூட்டம். தண்ணி எண்ணெய் மாதிரி அசையாமக் கெடந்துது. காத்து இல்ல, சத்தம் இல்ல, பசியும் இல்ல," என்றார் அவர். அவருக்குப் பதினோரு நாள். ஊருக்கு இருபத்தொன்பது வருடம்.

ஊர் நம்பிவிட்டது. ஊருக்கு என்ன, மாதா செய்த புதுமை என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் தீர்ந்தது. நம்பாதவர்கள் அதிகாரிகள்தான். இரத்தப் பரிசோதனை, இவர்தான் ஜெனோவாவின் அப்பா என்றது. பல்லையும் எலும்பையும் பார்த்த டாக்டர், வயது முப்பத்தைந்தைத் தாண்டாது என்றார். இரண்டு காகிதத்தையும் ஒரே கோப்பில் எப்படி வைப்பதென்று தெரியாமல் தவித்த தாசில்தார் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்: "அந்த வள்ளத்துல நெசமாவே எத்தன நாள்தான் ஆச்சு?"

பதில் சொல்லும் வேலை, கரிமணல் கரையோரம் இருந்த சின்னக் கதிரியக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கே அளவெடுப்பவள் ஜெனோவா. சொந்த அப்பா விஷயத்தில் அவளை விடலாமா என்று கூடத்தின் தலைவர் ஆவுடையப்பன் ஒரு நிமிடம் தயங்கினார். "வேற ஆளு இல்லியேம்மா. போ, நீயே பாரு," என்று விட்டுவிட்டார்.

கடிகாரத்தை அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு மாமா மஸ்கட்டிலிருந்து ஜோடியாக வாங்கி வந்த கடிகாரங்கள் அவை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. இருட்டில் முள்ளும் எண்ணும் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சைக்குள் புரோமீதியம் என்ற சரக்கு இருக்கிறது. அது தானாகச் சிதைந்துகொண்டே வரும். இரண்டு வருடம் ஏழரை மாதத்தில் பாதி காலி. அடுத்த இரண்டு வருடம் ஏழரை மாதத்தில் மிச்சத்தில் பாதி காலி. அதன் அரை ஆயுட்காலம் அவ்வளவுதான். வெயிலோ குளிரோ அழுகையோ ஜெபமோ அதை ஒரு நொடிகூட அவசரப்படுத்தாது. அப்பா போன பிறகு, சின்ன ஜெனோவா போர்வைக்குள் அம்மாவின் கடிகாரத்தை வைத்துப் பார்ப்பாள். வருடா வருடம் வெளிச்சம் மங்கியது. ஏன் மங்குகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் இயற்பியல் படித்தாள். அதே புரோமீதியத்தின் அரை ஆயுட்காலத்தில் கடைசி ஒரு இலக்கத்தைத் திருத்த நாலு வருடம் உட்கார்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினாள். உலகம் முழுக்கப் புரட்டுகிற அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவள் பெயரும் இருக்கிறது.

முள்ளில் பூசிய ஒளிரும் சாயம் கெட்டுப்போகும், ஆகவே வெளிச்சத்தை நம்பக்கூடாது. சிதைவுகளை எண்ண வேண்டும். ஈயப் பெட்டிக்குள் இரண்டு கடிகாரத்தையும் தனித்தனியாக வைத்து எண்ணினாள். அப்பாவுடையதில் இரண்டாயிரத்து நூற்றைம்பது எண்ணினால் அம்மாவுடையதில் ஒன்று. கணக்குப் போட இரண்டு நிமிடம் போதும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடியில், அப்பாவின் கடிகாரம் இருபத்தொன்பது வருடம் இளையது. தாசில்தார் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சிலுவைதாசன் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஜெனோவா கொடுக்கவில்லை. இப்படி ஒரு பொருள் இனி எந்த விஞ்ஞானிக்குக் கிடைக்கும்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணி ஒரு வரைபடம் போட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன, பேராசை.

வீட்டில் அம்மா பிரகாசி வேறு பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. புருஷன் முன்னால் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

"ஏம்மா ஓடுற?" என்று ஜெனோவா கேட்டால், "போளா, நாலு பேரு பாத்தா தள்ளையும் மவனும்னுல்லா சொல்லுவாவ," என்பாள். தாயும் மகனும் என்று சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

சிலுவைதாசன் என்ன செய்வார், பாவம்! வள்ளத்துப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஜெனோவா வந்ததும், "கடக்கரைக்கு வாரீங்களா? சும்மா பேசிட்டிருக்கலாம்," என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். "எண்ணுறது இன்னும் முடியலப்பா, திரும்பப் போகணும்," என்பாள் அவள். இது தினமும் நடந்தது.

இரண்டாவது திங்கட்கிழமை எண்ணிக்கை நாலு சதவீதம் குறைந்திருந்தது. கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டோம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது திங்கட்கிழமை பதினைந்து சதவீதம் குறைந்தது. இங்கேதான் அவள் ஒரு தவறு செய்தாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அட்டவணை சரி, அட்டவணையில் தன் பெயரே இருக்கிறது. ஆகவே கருவிதான் சோர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். வந்த எண்ணை அட்டவணையோடு ஒத்துப்போகும்படி ஒரு திருத்த எண்ணால் பெருக்கி, நோட்டில் அழகாக எழுதி வைத்தாள். கோடு நேராக வந்தது. பார்க்கவே திருப்தியாக இருந்தது.

நாலாவது திங்கட்கிழமை எண்ணிக்கை பாதிக்கு வந்துவிட்டது. இதற்கு எந்தத் திருத்தமும் தாங்காது.

"சார், அம்மாவோட கடிகாரத்தையும் வச்சுப் பாத்தேன், கருவியச் சோதிக்க நாம வச்சிருக்கிற புரோமீதிய வில்லையையும் வச்சுப் பாத்தேன்," என்று ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றாள். "ரெண்டும் அட்டவணைப்படி ஒழுங்கா நடக்குது. அப்பாவோடது மட்டும் ஓடுது."

"ஓடுதுன்னா?"

"விட்டுப்போன இருபத்தொன்பது வருஷத்தையும் பிடிக்க ஓடுது சார். நாளுக்கு நாள் வேகம் கூடுது. நான் போட்ட திருத்தத்த எல்லாம் அடிச்சிட்டு, உள்ளபடி வரைஞ்சு பாத்தேன்." காகிதத்தை விரித்தாள். அம்மாவின் கடிகாரம் கீழே ஒரு நேர்கோடு. அப்பாவுடையது மேலேயிருந்து வளைந்து இறங்கி வந்தது. "அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கெழம ரெண்டும் சேருது."

ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிகாரம்தானே, ஓடிட்டுப் போகட்டும்," என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏம்மா, அதக் கட்டியிருந்த கை?"

ஜெனோவா உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பாவின் காதோரம் வெள்ளையாக எதையோ பார்த்திருந்தாள். "உப்புன்னு நெனச்சேன் சார்," என்றாள்.

வயது வருவதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். அந்த வீட்டு ஆண்கள் ஐம்பத்திரண்டைத் தாண்டியதில்லை. தாத்தா வலை இழுக்கும்போது, பெரியப்பா கோயில் வாசலில், சித்தப்பா சோற்றுத் தட்டுக்கு முன்னால். மூன்று பேருக்கும் நெஞ்சுதான், மூன்று பேருக்கும் அதே வயதுதான். வளைகோட்டில் விரலை வைத்து அவள் தேடினாள். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு ஆகிற நாள் அடுத்த வாரம் வியாழக்கிழமை.

அன்று சாயங்காலம் அவரே கேட்பதற்கு முன்னால், "கடற்கரைக்குப் போலாமாப்பா?" என்றாள். வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மணலை அள்ளி அள்ளி விட்டபடி கேட்டார்.

"அப்ப எனக்கும் வயசு வருது," என்றார்.

"ஆமாப்பா."

"எம்புட்டு வரும்?"

"அறுபத்து மூணுல போய் நிக்கும். அதுக்கப்புறம் எல்லாரையும் மாதிரிதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. "அப்ப பிரகாசி இனி முந்தானைய இழுத்து மூட வேண்டாம்லா!"

"அதுக்கு நடுவுல ஐம்பத்திரண்டு இருக்குப்பா." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தாத்தா, பெரியப்பா... உங்களுக்குத் தெரியும். மறுபடி அந்தப் பனிக்குள்ள போனீங்கன்னா ஒருவேளை நின்னுரும். உசிரோட இருப்பீங்க."

அவர் கடல் பக்கம் கையைக் காட்டினார். "பதினோரு நாள் இருந்தேன் மக்ளே. உசிரோடதான் இருந்தேன். கூப்பிட ஒரு ஆளு இல்ல. அங்க திரும்பிப் போச்சொல்லாத."

முதன்முதலாக 'மக்ளே' என்றார். அவள் எழுந்து நாலடி தள்ளிப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். படம் எடுத்துப் பார்த்த இளம் பெண் டாக்டர், "இன்னைக்கு ரத்தக்குழாய் சுத்தமா இருக்கு. ஆனா இன்னைக்கு எடுத்த படம் நாளைக்கே பழசு. இல்லாத அடைப்புக்கு நான் என்ன வைத்தியம் பண்றது?" என்று கையை விரித்தார். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். வியாழக்கிழமை தானே ஊருக்கு வந்து உட்காருவதாகவும் சொன்னார். நல்ல மனுஷி. "எந்த நேரம்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா! நேரத்தைக் கண்டுபிடித்தே தீருவதென்று ஜெனோவா மறுபடி ஈயப் பெட்டிக்குள் தலையை விட்டாள். இப்போது தினமும் எண்ணினாள். புள்ளி கூடக் கூட நேரம் துல்லியமாகும். அப்பாவைக் காப்பாற்றத்தான் செய்கிறோம் என்று நினைத்தாள், அது பொய்யும் இல்லை. வீட்டுக்குத் தூங்க மட்டும் வந்தாள்.

அந்த வாரத்து வியாழன் மதியம் சிலுவைதாசன் தூக்குவாளியில் மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். காவலாளி உள்ளே விடவில்லை. வாசலில் புன்னை மரத்தடியில் இருவரும் சாப்பிட்டார்கள்.

"மேடம், இவரு ஒங்க அண்ணனா தம்பியா?" என்று காவலாளி கேட்டான்.

அப்பா அதற்கும் சிரித்தார். பிறகு, "முத்தத்துல நின்ன கொய்யா மரம் எங்க மக்ளே? காலைல கண்ணசந்தேன். அதுல ஏறிப் பழம் பறிச்ச மாதிரி இருந்துது," என்றார்.

அந்த மரத்தை அவர் போன பிறகுதான் நட்டார்கள். பெரிய புயலில் அது விழுந்தே பல வருடம் ஆகிறது. அம்மா சொல்லியிருப்பாள் என்று ஜெனோவா நினைத்தாள். கடிகாரத்தில் மணியைப் பார்த்தாள். "எண்ணி முடிஞ்சிருக்கும்பா, வாரேன்," என்று வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் அன்றைய புள்ளியை வைத்தபோதுதான் தெரிந்தது. மதியம் அவருக்கு முப்பத்தெட்டு வயது. அப்பாவும் மகளும் ஒரே வயதில் இருந்த மதியம் அது. உலகத்தில் எந்த மகளுக்கும் கிடைக்காத மதியம். அவள் அதில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள், அதிலும் இரண்டு தரம் மணி பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

அழுதாளே தவிர விட்டாளா? விடவில்லை. புதன்கிழமைக்குள் அப்பாவின் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. சாப்பாடு எப்போதும்போல் மூன்று வேளைதான். வயது மட்டும் எங்கிருந்தோ வந்து ஏறியது. "இது எந்தக் கணக்குல வருதுன்னே புரியலம்மா," என்று ஆவுடையப்பன் புலம்பினார். பகலெல்லாம் அப்பா அடிக்கடி கண்ணயர்ந்தார். எழுந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஜெனோவா கண்டுபிடித்த நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துக்குள். இன்னும் ஒரு புள்ளி வைத்தால் அரை மணி நேரத் துல்லியத்தோடு சொல்லிவிடலாம்.

அந்தக் கடைசிப் புள்ளிக்காக வியாழக்கிழமை காலை கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எண்ண ஆரம்பித்தால் முடிகிறவரை யாரும் ஈயக் கதவைத் திறக்கக்கூடாது. தீப்பிடித்தாலும் திறக்காதே என்று ஆவுடையப்பன் கேலியாகச் சொல்வார். பதினாறு வருடத்தில் ஜெனோவா ஒரு தடவைகூட மீறியதில்லை.

திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. மதியம் பன்னிரண்டரை. வாசலில் புன்னை மரத்தடி காலியாக இருந்தது.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். கடிகாரத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"எண்ணிக்கை முடியலியேம்மா?" என்றார் ஆவுடையப்பன்.

"முடிய வேண்டாம் சார்."

அவர் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

வள்ளத்தின் நிழலில் பாய் விரித்து அப்பா படுத்திருந்தார். ஐம்பத்தொரு வயது முகம். அம்மா இரண்டு முழம் தள்ளி, தலையை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பையோடு கோயில் படியில் இருந்தார். கடல் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. வெயிலுக்குள் லேசாக ஒரு பனிமூட்டம் இறங்கி, தூரத்து வள்ளங்கள் தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. ஜெனோவா கடிகாரத்தை அப்பாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

"எண்ணி முடிச்சாச்சா?" என்றார்.

"இல்லப்பா. சும்மா பேசிட்டிருக்கலாம்னு வந்தேன்."

பேசினார்கள். எந்த மீனுக்கு எந்த மாதம் முள் அதிகம் என்பதிலிருந்து, அம்மா புதுசில் உப்பில்லாமல் குழம்பு வைத்த கதை வரைக்கும். மூன்றே முக்காலுக்கு அவர் பேச்சு பாதியில் நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. முகம் சாம்பல் பூத்தது. "பிரகாசி..." என்றார்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! நாற்பது நாளாக விரல்கூடப் படாமல் இருந்தவள், பாய்ந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானை சரிந்து வெள்ளை முடியெல்லாம் காற்றில் பறந்தது, அவள் அதை இழுக்கவில்லை. "இந்தாருங்க, இங்க பாருங்க, என்னப் பாருங்க!" என்று அவர் கன்னத்தைத் தட்டினாள். ஜெனோவா நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள். டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டு, நாடியைப் பிடித்தபடி மணலில் மண்டியிட்டார். ஜெனோவா கடிகாரத்தின் மேல் உள்ளங்கையைக் குவித்து உள்ளே பார்த்தாள். பச்சை வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமென்று அவளால் பின்னால் ஒருபோதும் சொல்ல முடியவில்லை. காலத்தை அளக்கிறவள், அன்றைக்குக் காலத்தைப் பார்க்கவில்லை.

"நாடி நல்லா வருது," என்றார் டாக்டர்.

அப்பா கண்ணைத் திறந்தபோது மடியில் இருந்தவருக்கு ஐம்பத்திரண்டு தாண்டியிருந்தது. மேலே குனிந்து பார்த்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எளா, ஒரு சாயா போடேன்," என்றார். அம்மா அழுதுகொண்டே வைதாள். வைது முடித்துவிட்டுப் போய்ப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கடிகாரமும் ஒரே எண்ணைக் காட்டின. அறுபத்து மூன்றும் ஐம்பத்தொன்பதுமாக இருவரும் வாசலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா எழுதிய கட்டுரையில் அந்த வியாழக்கிழமைக்குப் புள்ளி இல்லை. வளைகோடு மிகச் செங்குத்தாக இறங்கும் இடத்தில், உலகமே பார்க்க விரும்பும் இடத்தில், ஒரு வெற்றிடம். இருபுறத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்தாவது நிரப்பும்படி ஆய்விதழின் ஆசிரியர் குழு இரண்டு முறை எழுதியது. அவள் மறுத்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் நடந்து வரும்போது, பேருந்து நிறுத்தத்தில் சிலுவைதாசன் நின்றார்.

"ஒனக்கு ஞாபகம் இருக்கா மக்ளே? நீ காலேஜிக்குப் போன அன்னிக்கு, இங்கதான பஸ்ஸு மேல ட்ரங்குப் பெட்டிய ஏத்துனோம். கயிறு அறுந்து, பெட்டி தொறந்து, ஒந்துணியெல்லாம் ரோட்டுல. நீ அழுத. நாந்தான ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தட்டி எடுத்துத் தந்தேன்?"

ஜெனோவா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கயிறு அறுந்தது உண்மை. துணி சிதறியது உண்மை. அன்றைக்கு அம்மா சந்தையில் மீன் விற்கப் போயிருந்தாள். பதினேழு வயதில் அவள் தனியாக, பஸ்காரன் திட்டத் திட்ட, அழுதுகொண்டே எல்லாவற்றையும் பொறுக்கினாள். அதை அவள் இன்றுவரை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. ஓடி வந்து சேர்ந்த வருடங்கள் வெறுமனே வரவில்லை. ஒவ்வொரு தூக்கத்திலும் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கின்றன.

அம்மா குழப்பத்தோடு மகளைப் பார்த்தாள். தவறான எண்ணைக் கண்டால் திருத்தாமல் விடாதவள் ஆயிற்றே ஜெனோவா.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாப்பா," என்றாள். "நீங்கதான் பொறுக்கித் தந்தீங்க."